மாஸ்டரின் வலது கால்

மாஸ்டருக்கு இரண்டு கால்களும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வலது கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்காது. வேறு யாராவது வண்டி ஓட்டி, இவர் உட்கார்ந்து வரவேண்டியிருந்தால் போதும், அது தன்பாட்டுக்கு முன்னால் நீண்டு தரையை அழுத்த ஆரம்பித்துவிடும். அங்கே பிரேக் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியெல்லாம் அதற்குக் கவலை கிடையாது. டாக்ஸியில் அழுத்தும். ரயிலில் அழுத்தும். வீட்டில் சோபாவில் சாய்ந்து டிவி பார்க்கும்போது, படத்தில் ஒரு கார் இன்னொரு காரைத் துரத்தினால்கூட அழுத்தும். அதனால் அவருடைய வலது ஷூ சீக்கிரமே அடி தேய்ந்து இளித்துவிடும். இடது ஷூ கடையில் வாங்கின புதுக்கருக்கு மாறாமல், ஜோடியை இழந்து, அலமாரிக்கடியில் கிடக்கும்.

எல்லாம் அவர் பார்த்த வேலையினால் வந்த வினை. அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். பழகுகிறவர்களுக்கான காரில், ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் வைத்திருப்பார்கள். பழகுகிறவர் தப்பு செய்தால் பக்கத்தில் இருப்பவர் அழுத்தி வண்டியை நிறுத்தலாம். தலைமுடி கருப்பாக இருந்த காலத்தில் அந்தப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தவர், முடி முழுக்க வெளுத்த பிறகுதான் எழுந்து வந்தார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள். டாக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர், இரண்டு இன்ஸ்பெக்டர்கள் என்று எல்லோரும் அந்தச் சின்னக் காரில் வேர்த்து விறுவிறுத்து ஓட்ட, இவர் பக்கத்தில் ரேஷன் வரிசையில் நிற்கிறவர் மாதிரி ஒரு சாதாரண முகத்தோடு உட்கார்ந்திருப்பார். எதிரே லாரி வந்தாலும் அந்த முகத்தில் ஒரு கோடு மாறாது. கல்லு மாதிரி மனுஷன், அவர் பக்கத்தில் இருந்தால் பயமே வராது என்று பழகினவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அவருடைய பெயர் அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. மாஸ்டர் என்றால் அவர்தான்.

மாஸ்டரின் மனைவிக்கும் ஊரில் ஒரு பட்டம் உண்டு. கண்ணாடியம்மா. கடைத்தெருவில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். படிப்பவர் தடுமாறினால் எழுத்து என்னவென்று ஒருநாளும் எடுத்துக்கொடுக்க மாட்டாள். தப்பாகச் சொன்னாலும் தப்பு என்று சொல்ல மாட்டாள். பேசாமல் வில்லையை மாற்றிவிட்டு, "இப்போ?" என்று மட்டும் கேட்பாள். எடுத்துக்கொடுத்தால் அவர்கள் கண் பார்க்காது, காதுதான் பார்க்கும் என்பது அவள் கட்சி.

இப்படிப் பொறுமைக்கே பொறுமை சொல்லிக்கொடுக்கக்கூடிய ஒருத்திக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு குறைதான் இருந்தது. மாஸ்டர் வண்டியை நிறுத்த மாட்டார். விடுமுறை நாளில் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கிளம்பினால் போய்ச் சேருகிற இடத்தில்தான் நிறுத்துவார். வழியில் ஒரு ஏரி வரும். தண்ணீர் முழுக்க வெயில் கிடந்து மினுங்கும். ஒரு நிமிஷம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று அவள் வாயைத் திறப்பதற்குள் ஏரி பின்னால் போய்விட்டிருக்கும். திரும்பி வரும்போது நிறுத்துகிறேன் என்பார். திரும்பி வரும்போது இருட்டியிருக்கும், இல்லாவிட்டால் வேறு வழியாக வந்திருப்பார்கள். கண்ணாடியம்மா உலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் அது பின்னால் ஓடிப்போகும் நேரத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

அதனால்தான் இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வெளிநாட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள் என்று வெளியூரில் இருந்த மகள் தூண்டிவிட்டபோது, கண்ணாடியம்மாவுக்கு எங்கே போகவேண்டும் என்பதைவிட எப்படிப் போகவேண்டும் என்பது முதலில் தெரிந்தது. மலையும் ஏரியுமாக இருக்கும் ஒரு குளிர்ந்த நாடு. அங்கே பிடித்த இடத்தில் இறங்கி, போதும் என்று அவளுக்குத் தோன்றும்வரை நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மாஸ்டருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. அங்கே போய் இறங்குவது, ஒரு காரை வாடகைக்கு எடுப்பது, தானே ஓட்டுவது. கையிலே வெண்ணெய் இருக்கிற மாதிரி அவர் பேசினார். கண்ணாடியம்மா மேஜையில் விரித்துவைத்திருந்த வரைபடத்தை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு இங்கேயே நம் காரில் ஏறிச் சுற்றி வந்துவிடலாம், விமானச் செலவாவது மிச்சம் என்றாள்.

பெரிய பஸ்ஸில் கூட்டமாகப் போகும் சுற்றுலாவும் இருந்தது. அதைப் பற்றித் தெரிந்துகொள்ள வெளியே போகவேண்டியதில்லை. கண்ணாடியம்மாவின் அக்காவும் மாமாவும் போன வருஷம்தான் அப்படிப் போய்வந்திருந்தார்கள். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படங்களைக் காட்டினார்கள். எல்லாப் படத்திலும் யாரோ ஒருவருடைய முதுகு இருந்தது. கொடி பிடித்துக்கொண்டு ஒருவன் முன்னால் ஓடுவானாம், நாற்பது பேரும் பின்னால் ஓட வேண்டுமாம். புகழ்பெற்ற அருவி ஒன்றைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, அந்த நேரம் கழிப்பறை வரிசையில் நின்றதாக மாமா மனசு விட்டுச் சொன்னார். அக்கா அவரை முறைத்தாள். அந்த ஹோட்டல்களில் மாடிப்படிக் கம்பளம் பிரமாதம் என்று பேச்சை மாற்றினாள்.

மூன்றாவதாகத்தான் மகள் இதை அனுப்பினாள். சின்னக் குழு. பத்துப் பேருக்கு மேல் கிடையாது. ஒரு வேன், ஒரு வழிகாட்டி, வழிகாட்டியே ஓட்டுநர். வயதானவர்களுக்குத் தோதாக அவசரமில்லாத பயணம். கண்ணாடியம்மா அதைப் படித்துவிட்டு, போனால் இதில்தான் போவது என்று ஒற்றைக் காலில் நின்றாள். யாரோ ஓட்ட, தான் உட்கார்ந்து வருவதா என்று மாஸ்டருக்கு உள்ளே குமைந்தது. ஆனால் அக்கா சொன்ன ஹோட்டல் கம்பளத்தை நினைத்துப் பார்த்துவிட்டு அரை மனசோடு தலையை ஆட்டினார்.

அந்த அலுவலகம் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் இருந்தது. இரண்டே அறை. ரொட்டி வேகும் வாசனை படியேறி வந்து உள்ளே உட்கார்ந்திருந்தது. வழிகாட்டி ஒரு பெண். நாற்பதைத் தாண்டியவள், கிராப் வெட்டிய தலை, வெயிலில் காய்ந்த கைகள். முதலில் மாஸ்டர் ஆரம்பித்தார். வேனுக்கு டயர் மாற்றி எவ்வளவு காலமாகிறது, பிரேக் கடைசியாக எப்போது பார்த்தது, மலையில் இறங்கும்போது எந்த கியரில் இறங்குவாள் என்று ஒரு லைசென்ஸ் பரீட்சையே வைத்தார். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கண்ணாடியம்மா கேட்டது ஒரே கேள்வி.

"போற வழியில ஒரு இடம் பிடிச்சிருந்தா, நிறுத்துவீங்களாம்மா?"

"அதுக்குத்தானே பெரிய பஸ் வேலையை விட்டுட்டு இந்தச் சின்ன வண்டியை வாங்கினேன்" என்றாள் வழிகாட்டி. வெளிநாட்டிலும் இதே மாதிரி ஒரு வேனை வாடகைக்கு எடுத்து அவளே ஓட்டுவாளாம்.

கண்ணாடியம்மாவுக்கு அப்போதே அங்கேயே அவளைப் பிடித்துப்போயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. குழுவில் சேருகிறவர்கள் எல்லோரையும் வழிகாட்டி முதலில் ஒருநாள் ஊருக்கு வெளியே வேனில் கூட்டிப்போய்வருவாள். ஒருவருக்கொருவர் ஒத்துவருமா என்று பார்க்க. முன்பொரு தடவை இரண்டு பேர் ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை பிடித்து, மற்ற எட்டுப் பேரின் பயணத்தையும் நாசம் பண்ணிவிட்டார்களாம். அந்த ஒத்திகையில் சரிப்படாதவர்களைச் சேர்ப்பதில்லை. ஒத்துப்போவதற்கு நமக்கென்ன கேடு என்று கண்ணாடியம்மா சந்தோஷமாகச் சம்மதித்தாள்.

அந்த நாளும் வந்தது. ஓய்வு பெற்ற தபால்காரரும் அவர் மனைவியும், ஒரேமாதிரி தொப்பி போட்ட இரண்டு சகோதரிகள், ஒரு பல் டாக்டர் அம்மா, இன்னும் சிலர் என்று எல்லோரும் வணக்கம் சொல்லிக்கொண்டு வேனில் ஏறினார்கள். மாஸ்டர் யோசிக்கவே இல்லை. நேரே போய் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். மாட்டைத் தொழுவத்துக்கு ஓட்டினால் அது தன் இடத்தில் போய் நிற்கிற மாதிரிதான். கண்ணாடியம்மா பின்னாலிருந்து, இங்கே வாங்களேன் என்று ஜாடை காட்டினாள். அவர் கவனிக்கவில்லை.

அந்தச் சீட்டின் காலடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. அதில் கீழே பேக்கரியில் வாங்கின கேக்குகள், எல்லோருக்கும் வழியில் தருவதற்காக. மாஸ்டர் அதைப் பார்த்தார், கவனமாக ஓரமாகத் தள்ளிவைத்தார். அவருடைய காலுக்கு அந்த விஷயம் தெரியாது.

முதல் சிக்னலில் கால் நீண்டது. இரண்டாவது திருப்பத்தில் வாயும் சேர்ந்துகொண்டது. கிளட்ச், கிளட்ச் என்று மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். அந்த வேனில் கிளட்சே கிடையாது என்று வழிகாட்டி சிரித்துக்கொண்டே சொன்னாள். பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். கண்ணாடியம்மாவும் ஒப்புக்குச் சிரித்துவைத்தாள். ஊரைத் தாண்டி, சாலை ஒரு தோப்பை ஒட்டி வளைந்தது. அங்கே ஓரமாக ஒரு ஆள் சைக்கிளில் பெரிய மூட்டையை வைத்துக்கொண்டு தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தான். வழிகாட்டி அவனைப் பார்த்துவிட்டாள், வேகத்தையும் குறைத்துவிட்டாள். அதே நேரத்தில் மாஸ்டரின் கை நீண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தது.

வேன் ஒரு குலுக்குக் குலுங்கி நேரானது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சைக்கிள்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழிகாட்டி வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மாஸ்டரிடம் மரியாதையாகப் பின்னால் போய் உட்காரச் சொன்னாள். அவர் எழுந்து வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. சாப்பிடலாம் என்று பெட்டியைத் திறந்தபோது கேக்குகள் எல்லாம் அப்பளம் மாதிரி ஆகியிருந்தன. தொப்பிச் சகோதரிகளில் மூத்தவள் மட்டும் அடக்க முடியாமல் சிரித்தாள். கண்ணாடியம்மா தன் பங்கை எடுத்து மென்றாள்.

மறுநாள் வழிகாட்டி வீட்டுக்கே வந்தாள். போனில் சொல்கிற விஷயம் இல்லை என்பதால் நேரில் வந்ததாகச் சொன்னாள். கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வழவழா கொழகொழா இல்லாமல் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துப் பேசினாள்.

"சார் மேல எனக்குக் கோபம் இல்லைங்க. ஆனா அங்க மலைப்பாதையில ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அந்த இடத்துல யாராவது ஸ்டீயரிங்கைத் தொட்டா, நாம பத்துப் பேரும் வீட்டுக்கு வர மாட்டோம். அம்மா வரலாம். சாரைக் கூட்டிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை."

இரண்டு பேரும் சேர்ந்துதான் போகவேண்டும் என்றால் பெரிய பஸ்ஸில் இடம் பார்த்துத் தருவதாகவும் சொன்னாள். அங்கே ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு உண்டாம். அதைச் சொல்லும்போது அவளுக்கே சங்கடமாக இருந்தது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

மாஸ்டர் ஜன்னல் வழியாகத் தன் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை, நானும் போகவில்லை என்று மனைவி சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது. கண்ணாடியம்மாவுக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"நான் போறேங்க. நீங்க வந்தாலும் வரலைன்னாலும், இந்தத் தடவை நான் போறேன்."

"போயிட்டு வா" என்றார் மாஸ்டர். வெளியே போய், ஏற்கெனவே பளபளவென்று இருந்த காரை மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

சொல்லிவிட்டாளே தவிர, கண்ணாடியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொன்னது தப்பு என்று ஒரு நிமிஷம் தோன்றும், சொன்னதுதான் சரி என்று அடுத்த நிமிஷம் தோன்றும். பெட்டியை எடுத்து ஒரு ஸ்வெட்டரை மடித்து வைப்பாள். அதைப் பார்த்தால் தனியாகப் போகிறவளின் பெட்டி மாதிரி இருக்கும். எடுத்துவிடுவாள். ஏரிக்கரையில் நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தாள். தண்ணீர் அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் திரும்பி, பார்த்தீங்களா என்று கேட்க ஆள் இல்லை. யாருக்கு என்ன சொல்லி என்ன, அந்தப் பிடிவாதக்கார மனுஷர் இல்லாமல் அவளுக்கு ஒரு காட்சியும் காட்சியாகாது. அதற்காக மறுபடியும் விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. அக்காவிடம் போனில் சொன்னபோது, இந்த வயதில் தனியாகவா என்று அவள் பதறினாள். மாமா மட்டும் பின்னாலிருந்து, போகட்டும் விடு, அருவியையாவது பார்ப்பாள் என்றார்.

இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டு சில நாள் ஓட்டினார்கள். ஒரு காலையில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் சமையலறை வாசலில் வந்து நின்றார். வந்த காரியத்தைச் சொல்லாமல் குழாய் சொட்டுகிறதா என்று பார்த்தார், விளக்கு சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஊருல பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தேன். சும்மா உக்காந்து வர்றதுக்கு எனக்கு யாராவது சொல்லிக் குடுப்பாங்களா?"

கண்ணாடியம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்குக் காலையிலிருந்து டவுன் பஸ் என்றாள். அதோடு பாத்திரத்துக்குத் திரும்பிவிட்டாள், முகத்தைக் காட்டினால் எல்லாம் கெட்டுப்போகும் என்று.

பாடம் ஆரம்பமானது. கடைசி வரிசை, ஜன்னல் ஓரம், ஓட்டுநரின் தலைகூடத் தெரியாத இடம். பஸ் ஒரு சுற்று போய்த் திரும்பும்வரை அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இறங்கியதும் அவள் ஒரே கேள்வி கேட்பாள், என்ன பார்த்தீங்க என்று. முதல் நாள் மாஸ்டர் அறிக்கை வாசித்தார். ஓட்டுநர் கியரை நசுக்குகிறான், கடைசி நேரத்தில்தான் பிரேக் பிடிக்கிறான், மார்க்கெட் திருப்பத்தில் ஒரு ஸ்கூட்டரை நூலிழையில் விட்டான். ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்தும், சத்தத்தை வைத்தே முழு வண்டியையும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடியம்மா அது தப்பு என்று சொல்லவில்லை. அங்கே ஒரு பூங்கா இருந்ததே, பார்க்கவில்லையா என்று எடுத்துக்கொடுக்கவும் இல்லை. அடுத்த பஸ் வந்தது. ஏறச் சொன்னாள். இறங்கியதும் மறுபடி, "இப்போ?" என்றாள்.

இப்படியே போயிற்று. கண்டக்டருக்கு இவர்களைப் பார்த்துப் பழகிவிட்டது. எங்கேயும் போகாமல் ஏறி எங்கேயும் போகாமல் இறங்குகிற ஜோடி என்று சிரிப்பார். மாஸ்டரும் வீம்புக்காரர்தான், ஆனால் நல்ல மாணவர். ஒருநாள் அவருடைய அறிக்கையில் ஒரு தையல்கடை வந்தது. வாசலில் ஒரு பூனை தையல் மிஷின்மேலே தூங்கிக்கொண்டிருந்ததாம். அவருக்கே ஆச்சரியம். அந்தத் தெருவில் ஆயிரம் தடவை போயிருப்பார், அங்கே தையல்கடை இருப்பதே அவருக்குத் தெரியாது. கண்ணாடியம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல் அடுத்த பஸ்ஸுக்குக் கைகாட்டினாள்.

மழை பெய்த ஒரு நாள் பஸ் மெதுவாக ஊர்ந்தது. ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள், வெளியே ஒன்றும் தெரியவில்லை. மாஸ்டரின் வலது கால் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்பதை அவரும் பார்த்துவிட்டார். இத்தனை நாளும் கேட்காததை அவள் அன்றைக்குக் கேட்டாள். அடுத்தவர் ஓட்டுவதில் அப்படி என்ன குறை கண்டுபிடித்தே தீரவேண்டும் என்று. அவளைப் பொறுத்தவரை அது கர்வம். தன்னைவிட யாருக்கும் ஓட்டத் தெரியாது என்கிற எண்ணம். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் அவள் பக்கம் குனிந்து, முன்சீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"குறை சொல்லலம்மா. எனக்குப் பயம். தினமும் பயம். ஓட்டத் தெரியாதவங்க பக்கத்துலயே உக்காந்துதானே சம்பாதிச்சேன். எவன் எப்ப எங்க கொண்டுபோய் விடுவான்னு தெரியாது. பயத்தை முகத்துல காட்டினா பழகறவங்க கை நடுங்கும். அதனால காலுக்கு அனுப்பிட்டேன். அது அங்கயே தங்கிடுச்சு."

கல்லு மாதிரி மனுஷன் என்று ஊரெல்லாம் சொன்னதைக் கண்ணாடியம்மாவும் நம்பியிருந்தாள். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதவர் மாதிரி மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷர், பகல் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். விடுமுறை நாளில் வழியில் எங்கேயும் நிறுத்தாமல், போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஓட்டியதுகூட அதனால்தானோ என்னவோ. எத்தனையோ பேருடைய கண்ணைப் பார்த்தவள், பக்கத்தில் இருந்தவரின் காலைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் நீயும் பயந்திருப்பாய், அப்புறம் தினமும் என்னை வேலைக்கு அனுப்புவது யார் என்றார்.

அன்றைக்கு மாலை அவள் வழிகாட்டிக்குப் போன் செய்து, அவரை இன்னொரு தடவை வேனில் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்லிக் கேட்டாள். வழிகாட்டி தயங்கினாள். கெஞ்சிப் பழக்கமில்லாத கண்ணாடியம்மா அன்றைக்குக் கெஞ்சினாள். கடைசியில் வழிகாட்டி, ஒரே தடவை, அதுவும் நான் சொல்கிற பாதையில் என்று ஒத்துக்கொண்டாள். மற்றவர்களில் யார் வரச் சம்மதிக்கிறார்களோ அவர்களும் வருவார்கள், அவர்கள் உயிரும்தானே என்றாள்.

லைசென்ஸ் பரீட்சைக்கு வருகிறவர்களைப் பார்த்து மாஸ்டர் எத்தனையோ தடவை உள்ளுக்குள் சிரித்திருப்பார். அன்றைக்கு அவர் முறை. காலையில் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டார். டீயை ஆறவிட்டார். வேன் வாசலில் வந்து நின்றதும், கதவைத் திறந்து பின்வரிசைக்குப் போய் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தபால்காரர் தம்பதி வந்திருந்தார்கள். பல் டாக்டர் அம்மாவும் வந்திருந்தாள். தொப்பிச் சகோதரிகள் வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார்கள்.

வழிகாட்டி வேண்டுமென்றே மலையேறும் பாதையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பள்ளம். கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது. முதல் சில வளைவுகள் தாண்டின. மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நெற்றியில் வேர்வை கோத்திருந்தது. கண்ணாடியம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். இது தேறாவிட்டால் தனியாகத்தான் போகவேண்டும், போகத்தான் போகிறோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லச் சொல்ல அந்த ஏரிகள்மேல் இருந்த ஆசையெல்லாம் வடிந்துகொண்டே வந்தது.

அடுத்த வளைவில் மேலேயிருந்து ஒரு லாரி வந்தது. பாதையின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு வந்தது. வழிகாட்டி பிரேக் பிடித்தாள். வேன் பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கி நின்றது. மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தின அழுத்தில் அவர் உடம்பே சீட்டிலிருந்து எழும்பியது. தொடைக்கடியில் இருந்த கைகள் வெளியே வந்துவிட்டன. அவர் வாயைத் திறந்தார். கண்ணாடியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கிளட்ச் என்று சொல்லப்போகிறார், இல்லை ரிவர்ஸ் எடு என்று கத்தப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் மாஸ்டர். வேன் முழுவதும் கேட்கும்படி, மழையில் அவளிடம் சொன்ன அதே விஷயத்தை, எல்லோரிடமும். "கொஞ்சம் மெதுவாப் போறீங்களாம்மா?"

லாரி உரசாமல் கடந்து போனது. வழிகாட்டி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"சரி சார். மெதுவாவே போறேன்."

"அப்பாடா" என்றாள் பல் டாக்டர் அம்மா, முன்சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்தபடி. "எனக்கு அடிவாரத்துலேர்ந்தே வயித்தைக் கலக்குது. சொல்றதுக்குத்தான் வெட்கமா இருந்துச்சு." தபால்காரர், மனைவி தன் கையைப் பிடித்த பிடியில் விரல் மரத்துப்போனதாகச் சொன்னார். அவர் மனைவி, பிடித்தது யார் என்று வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

வேன் ஊர்ந்து மேலே போய்ச் சேர்ந்தது. எல்லோரும் இறங்கினார்கள். வழிகாட்டி மாஸ்டரிடம் வந்து, மலைப்பாதையில் எந்த இடத்தில் அதிகப் பயமாக இருந்தது என்று விசாரித்தாள். அவர் மறைக்காமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு கண்ணாடியம்மாவிடம் திரும்பினாள்.

"பயந்தா பயமா இருக்குன்னு சொல்றவங்களை நான் எங்க வேணாலும் கூட்டிட்டுப் போவேன்மா. ரெண்டு பேரும் பெட்டியைக் கட்டுங்க."

கண்ணாடியம்மா தலையை மட்டும் அசைத்தாள். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பாள். கட்டிய நாளிலிருந்து அவர்மேல் இருந்த பிரியம் அவளுக்குப் புதிது இல்லை, ஆனால் அன்றைக்கு மாதிரி அது பொங்கிக்கொண்டு வந்ததில்லை. தைரியசாலி என்று அவரை ஊர் கொண்டாடியபோதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருந்ததுண்டு. அந்தப் பெருமை எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, வேனுக்குள் அவர் வாய்விட்டுச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை இன்னொரு தட்டில் வைத்தால், இதுதான் கீழே இறங்கும்.

திரும்பி இறங்கும்போது அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே, கீழே எங்கோ ஒரு சரிவில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்ததை அவளுக்குக் காட்டினார். வளைவு வந்தபோதெல்லாம் அவருடைய வலது கால் தன்பாட்டுக்கு நீண்டு தரையை அழுத்தியது. அழுத்தட்டும், பாவம், அதற்கும் பயம்தானே என்று அவள் விட்டுவிட்டாள்.